முப்பத்தொன்றரை ஓவர்

எண்ணிப் பார்த்தாயிற்று. மொத்தம் அவ்வளவுதான்.
முதல் ஆட்டத்தில் இருபத்தேழு,
இரண்டாவதில் நாலரை.
மூன்று விக்கெட். அதில் ஒன்று
ஸ்கோர் புத்தகத்தில் வேறொருவன் பேரில் கிடக்கிறது.
இவன் பேரும் சரியில்லை:
பி. எஸ். மூர்த்தி என்று அச்சடித்தார்கள்.
புதுவயலில் அப்படி ஒருத்தன் கிடையாது.
சேவுகமூர்த்தி உண்டு,
அரிசி ஆலையில் மூட்டை தைக்கும்
பெரியகருப்பன் மகன்.

நான் விக்கெட் கீப்பர்.
என் இடது சுண்டுவிரலைப் பாருங்கள்,
இரண்டாம் கணுவில் வெளிப்பக்கம் போகிறது.
அவன் வேகத்துக்கு வேறு சாட்சி
இப்போது எங்கும் இல்லை.

பூட்டிய வீடுகளுக்கு
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்.
ஒரு பின்சுவரில் கரியால் மூன்று கோடு போட்டோம்.
முட்டைவெள்ளை சேர்த்துப் பூசிய சுவர்.
பந்து பட்டால் சத்தமில்லாமல் திரும்பி வரும்,
கடன் கேட்டுப் போனவனைப் போல.
காவல்காரர் சின்னழகு மாதம் ஒருமுறை அழிப்பார்.
நாங்கள் மாதம் ஒருமுறை போடுவோம்.

முழங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
ஒன்பது வயதில் ஆலைக் களத்து மதிலிலிருந்து விழுந்தான்.
கட்டுப் போட்டவர் ஏதோ அவசரத்தில் இருந்தார்.
எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது.
பிறகு அந்த வலக்கை நேராக நீண்டதே இல்லை.
சட்டை மாட்டும்போதும்
சாமி கும்பிடும்போதும்
பந்தை விடும்போதும் அதே கோணம்.

சென்னையில் ஒரு வங்கி அவனை எடுத்தது.
மாதம் எண்ணூற்றைம்பது, விளையாட மட்டும்.
விளையாட மட்டுமா என்று
பெரியகருப்பன் இரண்டு முறை கேட்டார்.
மூட்டைக்கு எத்தனை காசு என்று தெரிந்த மனுஷன்
ஓவருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்து
விட்டுவிட்டார்.

மாநில அணிக்கு அவன் ஆடிய இரண்டாவது ஆட்டம்,
சேலத்துக்கு பஸ் ஏறிப் போய் நான் பார்த்தது.
ஐந்தாவது ஓவரில் மூன்று பந்து போட்டான்.
நாலாவதுக்கு ஸ்கொயர் லெக் நடுவர் கையை நீட்டினார்.
நோ பால்.
அந்த மனிதரின் கை எவ்வளவு நேராக இருந்தது!
மறுபடி நீட்டினார். மறுபடி.
இவன் வீசவில்லையாம், எறிகிறானாம்.

காற்று வீசும். வலை வீசுவோம். கை வீசி நடப்போம்.
எறிவது கல்லை, எச்சில் இலையை.
இரண்டுக்கும் நடுவில் ஒரு முழங்கைதான் வேலி என்று
அன்றுவரை எனக்குத் தெரியாது.

கேப்டன் வந்து காதில் ஏதோ சொன்னார்.
காலைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொன்னாராம்.
உட்கார்ந்தான்.
இரண்டு பேர் தாங்க,
நன்றாக இருந்த காலை நொண்டி நொண்டி
எண்பது கஜம் வந்தான்.
மைதானத்தில் அவன் செய்த ஒரே ஏமாற்று அதுதான்.
அதற்கு எந்தக் கையும் நீளவில்லை.
கைதட்டினார்கள்.

மறுநாள் பேப்பரில்,
தசைப்பிடிப்பால் மூர்த்தி விலகினார்.
பெரியகருப்பன் அதை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டு
நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி வைத்தார்.
மூன்று ராத்திரி
காலில் தேய்த்துக்கொண்டான்.
வங்கியிலிருந்து கடிதம் வந்ததும் நாலாம் நாள்
குப்பியைக் கழுவி வைத்தான்.

இப்போது மின்வாரியம், கோட்டையூர்ப் பக்கம்.
போன ஐப்பசி மழையில்
எங்கள் தெருக் கம்பிமேல் முருங்கைக் கிளை சாய்ந்தது.
கயிற்று நுனியில் கல்லைக் கட்டி
கீழே நின்று ஒரே எறி.
கிளையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது.
என்னை அறியாமல் இரண்டு கையையும்
குவித்துக்கொண்டு நின்றிருந்தேன் நான்.
பார்த்துவிட்டான்.

“இன்னமும் லேட்டாத்தான் குனியிற” என்றான்.

கரண்டு வர ஒன்பது மணியாகிவிட்டது.